சொந்த சாக்கெட்டா, புஷ் செய்தியா?

மேசையில் தூங்கும் ஃபோனுக்குச் செய்தி வரவில்லை, திரையைத் தொட்டதும் பத்தும் கொத்தாக வந்து விழுகின்றன என்றால் முதலில் டோஸ் (Doze) என்ற பேட்டரி சேமிப்பு முறையைச் சந்தேகியுங்கள். 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 கொண்டுவந்தது இது. சார்ஜரில் இல்லாமல் அசையாமல் கிடக்கும் ஃபோனில் ஆப்களின் நெட்வொர்க்கை நிறுத்திவிடும், வேக்லாக்கையும் (ஃபோனைத் தூங்கவிடாமல் ஆப் போடும் பூட்டு) மதிக்காது. ஆப் தானே சர்வருடன் திறந்துவைத்த சாக்கெட்டில், அதாவது நேரடி இணைப்பில், ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அவ்வப்போது அனுப்பும் துடிப்பு நின்றுபோகும், வழியிலுள்ள ரவுட்டர் இணைப்பை மறந்துவிடும். ஆப்போ இன்னும் இணைந்திருப்பதாகவே நினைக்கும். அதுதான் கொடுமை.

என் ஓட்டு கூகுளின் செய்தி அனுப்பும் சேவையான எஃப்சிஎம் (FCM) வழி வரும் புஷ்ஷுக்குத்தான்: எல்லா ஆப்களுக்கும் ஒரே இணைப்பு, உயர் முன்னுரிமைச் செய்தி வந்தால் ஃபோன் விழித்துக்கொள்ளும். கூகுள் சேவைகள் இல்லாத ஃபோன் என்றால், சரி, சாக்கெட். அப்போது பயனரிடம் பேட்டரி விலக்கு, அதாவது டோஸ் நேரத்திலும் ஆப் நெட்வொர்க்கைப் பயன்படுத்த அனுமதி, கேளுங்கள்.

சோதிக்க இரவெல்லாம் காத்திருக்க வேண்டாம். கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளையிடும் கருவியான ஏடிபி-யில் (adb) ‘adb shell dumpsys deviceidle force-idle’ கட்டளை போதும், ஃபோன் உடனே டோஸுக்குள் போய்விடும்.