கூட்டெருப் பரல்: வாங்க முன் பார்க்க வேண்டியவை

சமையலறைக் கழிவை எருவாக்குவதற்குக் கொழும்பில் வீட்டுக் கூட்டெருப் பரல் என்று விற்பவை பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பெரிய பரல், மேலே மூடி, பக்கங்களில் காற்றுத் துளைகள், எருவை அள்ளக் கீழே ஒரு சின்னக் கதவு. அடித்தட்டு இருக்காது. முற்றத்தில் கொஞ்சம் மண் தரை உள்ள வீட்டுக்காரர் இதைத் தயங்காமல் வாங்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். அவர்களுக்குப் பொருத்தமானது வேறு, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. அதை ஒரே பையில் கட்டி வெளியே வைத்தால், கூடப் போகும் கடதாசியும் ஊறி எதற்கும் உதவாமல் போகிறது. குப்பை மேட்டில் கொட்டினால் காற்றுப் படாமல் அழுகி மெதேன் வாயு கிளம்பும். கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கிய 10 மெகாவாட் மின் நிலையத்துக்கு எரிக்கக் கொண்டுபோனாலும் ஈரக் கழிவு நன்றாக எரியாது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் அடுப்படிகளிலிருந்து போனதும் அந்த மேட்டில்தான் கிடந்தது.

கடையில் முதலில் மூடியைப் பாருங்கள். பல பரல்களில் மூடியின் நடு பள்ளமாக இருக்கிறது, அல்லது விளிம்பு மேல்நோக்கி மடிந்து நிற்கிறது. இரண்டிலும் மழைநீர் தேங்கும். டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்புக்கு அவ்வளவு தண்ணீரே தாராளம். ஒரு கிழமை, பத்து நாளில் முட்டை நுளம்பாகிவிடும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் எருப் போடுகிறோம் என்ற சமாதானம் எடுபடாது. குவிந்த மூடியாகப் பார்த்து வாங்குங்கள். விளிம்பு மடிந்த மூடிதான் கிடைக்கிறது என்றால் விளிம்பில் நாலு இடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் வெளியே வழிந்துவிடும். நடுவில் துளை போடாதீர்கள், மழை நேரே எருவுக்குள் இறங்கும். நடு பள்ளமான மூடியைத் திருத்த வழியில்லை.

அடுத்தது வடிவம். வாயை விட அடி அகலமாக இருக்க வேண்டும். கீழ்க் கதவால் அள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். உள்ளே எரு இறுகியபின் அந்தக் கதவால் ஒரு சிரட்டை அளவுக்கு மேல் வராது. நடைமுறையில் முழுப் பரலையும் மேலே தூக்கி எடுத்துவிட்டுத்தான் எருவை அள்ள வேண்டும். அடி அகலமான பரல் கழன்று வரும். நேராக வார்த்த பரல் பிடித்துக்கொண்டு நிற்கும். கதவு ஆடாமல் பூட்டுகிறதா, காற்றுத் துளைகளில் சுண்டுவிரல் நுழையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எலி வந்தால் எலிக்காய்ச்சலும் வரக்கூடும். அதனால் இரும்புக்கடையில் கால் அங்குலக் கண் உள்ள கல்வனைஸ் கம்பிவலை வாங்கிப் பரலின் கீழே விரிப்பது கட்டாயம். மண்புழு அதற்குள்ளால் வரும், எலி வராது.

மழைத்தண்ணீர் நிற்காத, அரை நிழலான இடத்தில், மதிலில் ஒட்டாமல் வையுங்கள். அடியில் ஆறு அங்குல உயரத்துக்குச் சுள்ளி, ஈர்க்கு, காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு. அதன்மேல் ஒரு வாளி தோட்டத்து மண் அல்லது பழைய எரு. நுண்ணுயிர்களுக்கு அதுவே போதும், கடையில் விற்கும் திரவம் தேவையில்லை.

இனிமேல் சொல்வதில்தான் பரலின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. பரலுக்குப் பக்கத்தில் காய்ந்த பொருள் நிறைந்த ஒரு உரப்பை எப்போதும் இருக்க வேண்டும். ஒரு பாத்திரம் சமையலறைக் கழிவு போட்டால் இரண்டு பாத்திரம் சருகு அதை மூட வேண்டும். மரக்கறிக் கழிவில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். எருவுக்கு வேண்டிய ஈரம் 50 முதல் 60 சதவீதம்தான். கரிமமும் நைதரசனும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற அளவில் இருந்தால்தான் நுண்ணுயிர் சுறுசுறுப்பாக வேலை செய்யும். இந்த இரண்டு குறையையும் சருகு ஒன்றே தீர்த்துவிடும். கொழும்பில் காற்றே ஈரமாக இருக்கும்போது கழிவு தானாகக் காயும் என்று எதிர்பார்க்க முடியாது. காலையில் கூட்டி எரிக்கிற மாவிலை, பலா இலையைச் சாக்கில் அடைத்து வையுங்கள்.

சருகு கிடைக்காத வீட்டில் தும்புத்தூள் உதவும். ஆனால் 5 கிலோ தும்புத்தூள் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து விரிப்பது பூச்சட்டிக்கு உரிய முறை. பரலுக்கு அது ஆகாது; ஈரத்தின்மேல் ஈரத்தைக் கொட்டுவதுதான் நடக்கும். கட்டியை ஊறவைக்காமல் அலவாங்கு முனையால் குத்தி உதிர்த்து, அந்தக் காய்ந்த தூளைப் போடுங்கள். தூள் மட்டும் போட்டால் இறுகிக் காற்றை அடைக்கும், கொஞ்சம் கிழித்த முட்டை மட்டையோ சுள்ளியோ கலக்க வேண்டும். மொரட்டுவைப் பக்கத்து மரத்தூள் நல்லதுதான், பிளைவூட் அறுத்த தூளும் மருந்தடித்த பலகைத் தூளும் வேண்டாம்.

மரக்கறித் தோல், பழத்தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக்கோது எல்லாம் போடலாம். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்டதை நறுக்கிப் போடுங்கள். தேயிலைப் பையை வெட்டித் தூளை மட்டும் கொட்டுங்கள், பல பைகளில் பிளாஸ்டிக் இழை உண்டு. சோறு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், பசையாகிவிடும். மீன் குடல், எலும்பு, எண்ணெய்க் கறி போடவே வேண்டாம். சிரட்டையை எருவாக்க வருடக்கணக்காகும்.

கிழமைக்கு ஒரு தடவை அலவாங்கால் ஆழமாகக் குத்திக் காற்று விடுங்கள். அப்போது ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்து, கையை விரித்ததும் உருண்டையாக நின்றால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு போதவில்லை. உதிர்ந்தால், அல்லது எறும்பு கூடு கட்டினால், ஒரு செம்புத் தண்ணீர் தெளியுங்கள். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம். கூழ்முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை, கிளறிச் சருகு போட இரண்டு நாளில் அடங்கும். வெள்ளைப் பூஞ்சணம் நல்ல அறிகுறி. பழுப்பு நிறத்தில், தட்டையாக, வளையம் வளையமாக நெளியும் புழுவைக் கண்டு பலர் பரலையே தூக்கி எறிகிறார்கள். அது பிளக் சோல்ஜர் ஈயின் குடம்பி, கழிவை வேகமாகத் தின்னும், கடிக்காது. அந்த ஈ சாப்பாட்டில் வந்து மொய்ப்பதும் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள், நுண்ணுயிரும் மண்புழுவும் சேர்ந்து செத்துவிடும்.

இந்தப் பொருளின் பெரிய குறையைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஒரு பரல் போதாது. நிறைந்த பரலை மூடி மூன்று மாதம் ஆறவிட வேண்டும், அந்த மூன்று மாதக் கழிவுக்கு இன்னொரு இடம் வேண்டும். இரண்டாவது பரலுக்குக் காசில்லாவிட்டால் கம்பிவலையை வட்டமாக வளைத்துச் சருகால் மூடினாலும் வேலை நடக்கும்.

எரு தயாரானால் கறுத்து, மழை பெய்த மண் போல மணக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடியை பொலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் இன்னும் ஆற வேண்டும். அரித்து எடுத்து, ஒரு பங்கு எருவுக்கு மூன்று பங்கு மண் என்று கலந்தால் மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் அளவாக இருக்கும். அரிப்பில் நின்ற சக்கையைத் திரும்பப் பரலுக்குள் போடுங்கள்.

தொடர்மாடிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மூன்று மண்பானைகளே பொருத்தம். மேலிரண்டுக்கும் அடியில் துளை, பக்கங்களிலும் துளை வேண்டும். மண் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடுவதால் கழிவுநீர் குறைவு. இரண்டு, மூன்று பேர் உள்ள வீட்டுக் கழிவை இது தாங்கும். மேல்பானை நிறைந்ததும் நடுவுக்கு மாற்றி, நடுப்பானையை மேலே வைத்துத் தொடருங்கள். நடுவில் ஆறியது கீழ்ப்பானையில் சேரட்டும். காற்றுப் புகாத வாளியில் தவிடு தூவிப் புளிக்க வைக்கும் பொகாஷியும் விற்கிறார்கள். புளித்ததைக் கடைசியில் மண்ணில் புதைக்க வேண்டும், மண்ணில்லாத வீட்டுக்கு அது அரைவேலை. மின்சாரத்தில் ஓடும் மேசைப் பெட்டிகளில் பல கழிவைக் காயவைத்து அரைத்துக் கொடுப்பவைதான். வெளிவரும் தூளை எருவென்று செடிக்குப் போட்டால் அது சட்டியிலேயே ஈரம் பட்டு அழுகத் தொடங்கும்.

பானையை பல்கனியில் சாரல் அடிக்காத மூலையில், செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். கீழே தட்டு வைத்தால் அதில் காய்ந்த தும்புத்தூள் போட்டுக் கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். அங்கேயும் தண்ணீர் தேங்கக் கூடாது.