மண் ஏற்றமும் தார் ஏற்றமும்: ஒரு மவுண்டன் பைக்கோடு நீண்ட நாள் அனுபவம்

ஒரே நாளில் மண் ஏற்றமும் தார் ஏற்றமும் மாறி மாறி வரும் நீண்ட தூரப் பயணத்துக்கு வண்டியை எப்படித் தயார் செய்வது என்று கேட்டால், இப்போது என் பதில் இதுதான்: மண்ணுக்காகத் தயார் செய்யுங்கள், தாரில் கொஞ்சம் நேரம் போனால் போகட்டும். மண்ணுக்குத் தயாரான வண்டி தார் ரோட்டில் சில நிமிடங்களைத் தின்னும், அவ்வளவுதான். தாருக்குத் தயாரான வண்டியோ செங்குத்தான சரளை மேட்டில் உங்களை இறக்கி நடக்க விட்டுவிடும். ஒரே வண்டியைப் பல பருவங்கள் ஓட்டிய பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வண்டி பெரிய விசேஷமானது இல்லை. அலுமினிய ஃபிரேம், முன்னால் மட்டும் 120 மி.மீ. சஸ்பென்ஷன், 29 இன்ச் சக்கரம், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12 கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பாட்டில், டூல், பை எல்லாம் சேர்ந்தால் 15 கிலோ பக்கம் வரும். பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி இறக்கத்தில் சொகுசுதான், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்கில் ஏறும்போது அதன் எடையையும் சுமக்க வேண்டும், அதன் பேரிங்குகளையும் பராமரிக்க வேண்டும். வட அமெரிக்காவில் 4,000 கி.மீ.க்கு மேல் நீளும் கிரேட் டிவைட் பாதையில் பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். அங்கேயும் ஹார்ட்டெயிலோ (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி), சஸ்பென்ஷனே இல்லாத வண்டியோதான் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். கெட்டுப்போக எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி.

எடை பற்றி ஒரு கணக்கு. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறக்குறைய 150 வாட் வேண்டும். வண்டியில் ஒரு கிலோ குறைத்தால் மிச்சமாவது 2 வாட்டுக்கும் கீழே. அதே வேகத்தில் நல்ல தாரிலிருந்து இளகிய மண்ணுக்கு மாறினால், டயர் உருளும் தடை மட்டும் இன்னும் இருபது வாட்டோ அதற்கு மேலோ கேட்கும். அதனால் இலேசான கார்பன் பாகங்களுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் டயரையும் காற்றையும் பாருங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

சரி, டயருக்கே வருவோம். 2.35 இன்ச் அகலம், டியூப் இல்லாத டியூப்லெஸ், உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம். முன்னால் முட்கள் (ரப்பர் புடைப்புகள்) கொஞ்சம் உயர்ந்த டயர், பின்னால் நடுவில் முட்கள் தாழ்ந்து நெருங்கியிருக்கும் வேகமான டயர். முன் டயர் வழுக்கினால் கீழே விழுவோம், பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் வேகம்தான் போகும். அதனால் சமரசத்தைப் பின்னால் வைப்பதுதான் புத்திசாலித்தனம். தாரில் உயர்ந்த முட்கள் ஒவ்வொன்றும் வளைந்து நிமிர்வதில் சக்தி வீணாகிறது. வேகமாகப் போகும்போது கேட்கும் அந்த 'உர்ர்ர்' சத்தம் அதற்கு ரசீது மாதிரி.

என் எடைக்குக் காற்றழுத்தம் முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ. தார் ஏற்றம் நீளமாக வரும் நாளில் பின்னால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டுவேன், அதற்கு மேல் இல்லை. கல் போல் காற்றடித்தால் வேகம் வரும் என்ற நம்பிக்கை வழவழப்பான பரப்பில் ஓரளவு உண்மை. கரடுமுரடான பாதையில் அது தலைகீழாகிவிடும். டயர் விழுங்க வேண்டிய மேடு பள்ளத்தை வண்டியும் உடம்பும் சேர்ந்து தூக்கிப் போடுகின்றன, அதற்கான சக்தி கால்களிலிருந்துதான் போகிறது. எந்த அழுத்தம் என்பதைவிட, நம்பகமான ஒரு கேஜ் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே கேஜில் அளப்பது முக்கியம். பம்பில் இருக்கும் முள்ளை நான் நம்புவதில்லை. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இரண்டு பிஎஸ்ஐ பிசகினாலே வண்டியின் குணம் மாறிவிடும்.

டியூப்லெஸ் பற்றி யாரும் கேட்காமலே புகழ்வேன். முள் குத்தினால் 'புஸ்' என்று ஒரு சத்தம், சக்கரம் சுற்றச் சுற்ற வெள்ளைத் துளிகள் சட்டையில் தெறிக்கும், நாலைந்து சுற்றில் சத்தம் அடங்கிவிடும். பெடலை நிறுத்தக்கூட வேண்டாம். ஆனால் சீலண்ட் காய்ந்துவிடும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வால்வு வழியாக ஊற்றிவிடுங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் சீலண்ட் கைவிட்டுவிடும். அதனால் ஒரு டியூபும், ஓட்டையில் செருகி அடைக்கும் பிளக்கும் எப்போதும் பையில் இருக்கும்.

அடுத்தது கியர். வண்டி வந்தபோது முன்னால் 32 பல், பின்னால் பெரியது 51. இந்தக் கூட்டில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.4 மீட்டர் சொச்சம் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 5 கி.மீ. சொச்சம். தார் ஏற்றத்துக்கு இது தாராளம். மண்ணில் 12, 14 சதவீதம் என்று போகும்போது, அதுவும் பயணத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், போதவில்லை. 30 பல்லுக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டே பல்தானே என்று தோன்றும். பெடல் மீது கொடுக்கும் அழுத்தம் ஆறு சதவீதம் குறைகிறது. காலையில் அது தெரியாது, சாயங்காலம் முழங்காலுக்குத் தெரியும். இதற்கு விலை தார் இறக்கத்தில்: 10 பல்லுக்குப் போனாலும் மணிக்கு 37 கி.மீ. வாக்கில் கால்கள் வெறுமனே சுற்ற ஆரம்பித்துவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இறக்கத்தில் யார் மிதிக்கிறார்கள்?

செங்குத்தான இளகிய சரளையில் இந்தக் குறைந்த கியர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பெடல் சுற்றில் கால் கீழே அழுத்தும் இடத்தில்தான் சக்தி அதிகம், மேலும் கீழும் திரும்பும் இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பெரிய கியரில் ஒவ்வொரு மிதியும் ஒரு உதை. அந்த உதையில்தான் பின் டயர் ஒரு கூழாங்கல்லைப் பின்னால் எறிந்துவிட்டுச் சறுக்கும். ஒரு முறை சறுக்கினால் வேகம் போச்சு, அடுத்த மிதி இன்னும் பலமாகத் தேவைப்படும், அது இன்னும் சறுக்கும். சின்ன கியரில் மிதி மென்மையாகிறது, டயர் பிடியை விடுவதில்லை. சீட்டின் மூக்குப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், முழங்கையை மடக்கி நெஞ்சைத் தாழ்த்துங்கள், ஹேண்டிலைத் தூக்குவதுபோல் அல்லாமல் பின்னாலும் கீழுமாக இழுங்கள். முன் சக்கரம் மேலே எழக்கூடாது, பின் சக்கரத்தில் எடை குறையவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நம் உடம்பு ஒரு விரற்கடை முன்னும் பின்னும் போய்வரும். எழுந்து நின்று மிதிப்பது தாருக்கு மட்டும்.

இதில் ஃபிரேமின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. சீட் குழாய் நிமிர்ந்திருந்தால், அதாவது 75, 76 டிகிரி பக்கம் இருந்தால், எடை தானாகவே முன்னால் இருக்கும். என் வண்டி அந்த வகை. ஏற்றத்தில் அருமை. சமதளத்தில் மணிக்கணக்கில் போகும்போது உள்ளங்கை மீது பாரம் ஏறும் என்பது அதன் மறுபக்கம்.

கை மரத்துப்போவதுதான் இந்த வண்டியில் எனக்கிருந்த பெரிய குறை. நேரான ஹேண்டில்பாரில் கை வைக்க ஒரே இடம்தான். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பு அழுந்தி, மோதிர விரலும் சுண்டு விரலும் உணர்வில்லாமல் போகும். பெரிய டயரும் சஸ்பென்ஷனும் அதிர்வைக் குறைக்கும், அழுத்தத்தைக் குறைக்காது. உள்ளங்கையைத் தாங்கும் அகலமான கிரிப்பும், பிரேக் லீவருக்கு உள்பக்கமாக இரண்டு சின்னக் கொம்புகளும் போட்டதும் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. நீண்ட தார் ஏற்றத்தில் அந்தக் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு ஏறுவது தனிச் சுகம். பார்க்க அழகாக இருக்காது, அது வேறு விஷயம்.

சஸ்பென்ஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்தால் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 20 சதவீதம் அமுங்கும்படி காற்று வைத்திருக்கிறேன். தாரில் லாக்அவுட் போடுவது, அதாவது சஸ்பென்ஷன் அமுங்காமல் பூட்டுவது, எழுந்து நின்று மிதிப்பவர்களுக்குத்தான் உதவும். உட்கார்ந்து சீராக மிதித்தால் வித்தியாசம் சொற்பம். பராமரிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற வேண்டிய காலம் பல ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டம். நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு அது கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

செயினுக்கு மெழுகு. காய்ந்த தூசியில் எண்ணெய் போட்ட செயின் ஒரே நாளில் கறுப்புப் பசையாகிவிடும், அந்தப் பசையில் இருக்கும் மணல் செயினை அரைத்துத் தின்னும். மெழுகில் தூசி ஒட்டுவது மிகக் குறைவு. மழையில் மட்டும் மெழுகு சீக்கிரம் கழன்று, செயின் கீச்சிட ஆரம்பிக்கும். அதற்காக ஒரு சின்னப் புட்டி எண்ணெய். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுகிறேன். தாமதித்தால் கேசட்டும் (பின் பல்சக்கரங்களின் தொகுதி) சேர்ந்து போகும், அதன் விலையில் பல செயின் வாங்கலாம். இன்னொன்று: பல கேசட்டுகளில் மிகப் பெரிய பல்சக்கரம் அலுமினியம், சின்னவை எஃகு. மண் ஏற்றத்தில் நாம் குடியிருப்பது அந்தப் பெரியதில்தான், ஆகவே முதலில் தேய்வதும் அதுதான். கியர் மாற்றும்போது அரைச் சுற்றுக்கு மிதியைத் தளர்த்தும் பழக்கம் இருந்தால் அதன் ஆயுள் கூடும். ஏற்றத்தின் நடுவில் பாரத்தோடு மாற்றும்போது கேட்கும் அந்த 'டணக்' சத்தம் எனக்கு இன்னும் பல்லைக் கூச வைக்கிறது.

பிரேக் விஷயத்தில் ஏறிய உயரத்தை நினைவில் வையுங்கள். அதே 85 கிலோ 600 மீட்டர் இறங்கினால் 500 கிலோஜூல் சக்தி எங்காவது போய்ச் சேர வேண்டும். தாரில் வேகமாக இறங்கும்போது பெரும்பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மண்ணில் மெதுவாக இறங்க வேண்டியிருப்பதால் பெரும்பங்கு ரோட்டருக்கும் (பிரேக் தட்டு) அதைப் பிடிக்கும் பேடுக்கும்தான். 1976 வாக்கில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய சைக்கிள்களை மலைச்சரிவில் ஓட்டியவர்களுக்கு சக்கரத்தின் மையமான ஹப்புக்குள் இருந்த பிரேக்கில் கிரீஸ் புகைந்தே போகுமாம். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைப்பார்களாம். நாம் கொடுத்து வைத்தவர்கள். முன்னால் 180, பின்னால் 160 மி.மீ. ரோட்டர் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஈரமணலில் ரெசின் பேடு ஒரே பயணத்தில் பாதி தேய்ந்துபோவதைப் பார்த்த பிறகு மெட்டல் பேடுக்கு மாறினேன். சத்தம் போடும், ஆனால் உழைக்கும். தேய்த்துக்கொண்டே இறங்காமல், விட்டு விட்டுப் பலமாகப் பிடித்தால் சூடு ஆற நேரம் கிடைக்கும்.

கெட்டுப்போனவை: பின் சக்கரத்தில் ஸ்போக் அறுந்தது, செயின் பக்கத்தில், வளையும் இடத்தில். ஸ்போக் அறுவது பெரும்பாலும் பாரத்தால் இல்லை, களைப்பால். இறுக்கம் ஏறுமாறாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி உலோகம் சோர்ந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்த சக்கரம் அப்படித்தான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு தொந்தரவு இல்லை. புது வண்டி வாங்கினால் முதல் சில வாரம் ஓட்டிவிட்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் சக்கரத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க் (பெடல் தண்டு) பக்கத்தில் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வந்து, கடைசியில் அது சீட் போஸ்ட் என்று தெரிந்தது. அலுமினிய ஃபிரேமில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதை நம்ப முடியாது.

பாதையைத் திட்டமிடும்போது தூரத்தைவிட மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். 80 கி.மீ.யில் 2,000 மீட்டர் ஏற்றம் என்றால், தாரில் அது ஒரு கனமான நாள், பாதி மண்ணாக இருந்தால் முழு நாள். வேகம் மணிக்கு நான்கு கி.மீ.க்குக் கீழே போனால் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் வேண்டாம். வேறு தசைகள் வேலை செய்யும், முதுகுக்கும் ஓய்வு. இதற்காகவே அடி வளையாத பந்தய ஷூவை விட்டு, நடக்க வசதியான ஷூவும் தட்டைப் பெடலும் வைத்திருக்கிறேன்.

உங்கள் பாதையில் முக்கால்வாசி தார், மண் வந்தாலும் கெட்டியான சமதள மண் என்றால் இந்த வண்டி வேண்டாம், தாருக்கும் சரளைக்கும் பொதுவான கிராவல் பைக் வாங்குங்கள். வளைந்த ஹேண்டிலில் கை வைக்க மூன்று நான்கு இடம் கிடைக்கும், தாரில் வேகமும் கிடைக்கும். வாங்கும்போது பல்லை மட்டும் எண்ணிவிடுங்கள். முன்னால் 40, பின்னால் பெரியது 42 என்று வரும் வண்டியில், 32க்கு 51 கேட்கும் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மிதிக்க வேண்டும். பின்னால் 50க்கு மேல் போட முடியுமா, முன்னால் சின்னப் பல்சக்கரம் பொருந்துமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா டெரெய்லரும் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம்) அவ்வளவு பெரிய கேசட்டை ஏற்காது.