பழவேற்காடு மீன் மார்க்கெட்டு: மீன் வெட்டித்தர்ற அக்காவும் பக்கத்துல இருக்கிற போர்டு இல்லாத மெஸ்ஸும்

நாங்க இருக்கிறது ஆந்திராவுல இருக்கிற சூளூர்பேட்டை. பழவேற்காடு ஏரி இங்கயே பக்கத்துல இருக்கும்போது மீன் வாங்க எதுக்கு ட்ரெயின் ஏறி பழவேற்காடு போறன்னு எங்க அத்தையில இருந்து எதிர்வீட்டு தெலுங்குக்காரங்க வரைக்கும் கேட்டாச்சு. ஏரியோட பெரும்பகுதி ஆந்திராவுலதான் இருக்கு, ஒத்துக்கிறேன், ஆனா முகத்துவாரம் பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிறதால ஏரி மீனும் கடல் மீனும் ஒரே எடத்துல கெடைக்கும், அதோட நான் பொறந்தது பொன்னேரி, சின்ன வயசுல எங்கப்பா சைக்கிள்ல கட்டி எடுத்துட்டு வந்த மடவையோட ருசி நாக்குல இருந்து இன்னும் போகல.

காலையில எலக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சு பொன்னேரியில எறங்கி அங்கருந்து பஸ். பஸ்ல உக்கார எடம் கெடைச்சா அன்னிக்கு நல்ல நாள்.

மார்க்கெட்டுல போனதும் கத்துறதுல பாதி தமிழ் பாதி தெலுங்கு. நமக்கு ரெண்டும் வரும்ங்கிறதால ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட தெலுங்குல "இந்தம்மாவுக்கு நானூறு சொல்லு, முன்னூறுக்கு வரும்"னு சொன்னது காதுல விழுந்துச்சு, நான் நேரா முன்னூறுக்கே கேட்டேன், அந்தாளு சிரிச்சுட்டாரு.

இப்ப மேட்டருக்கு வரேன். இந்த ரிவ்யூ மீனுக்கு இல்ல, மீன் வெட்டித்தர்ற அக்காவுக்கு. மார்க்கெட்டு ஓரத்துல ஒரு பலகை, ஒரு அருவாமணை, ரெண்டு பக்கெட்டு தண்ணி, மேல கிழிஞ்ச தார்பாய், கடைன்னா அவ்ளோதான். நாலஞ்சு பேரு வரிசையா உக்காந்திருப்பாங்க, நான் சொல்றது கடைசியில உக்காந்திருக்கிறவங்கள, வெத்தலை போட்ட வாய், கோபமா பேசுற மாதிரியே இருக்கும் ஆனா கோபம் இல்ல. கிலோவுக்கு 40 ரூபா வாங்கினாங்க.

அன்னிக்கு நான் வாங்கினது ஒன்றரை கிலோ மடவை. மடவை சேத்துல இருக்கிறத தின்னு வளர்ற மீன், வயித்துக்குள்ள உள்பக்கமா கருப்பா மெல்லிசா ஒரு தோல் ஒட்டிக்கிட்டு இருக்கும். சூப்பர் மார்க்கெட்டுலயும் ஆன்லைன்லயும் "க்ளீன் பண்ணது"ன்னு வாங்கினா இத அப்படியே விட்டுருப்பாங்க, அப்புறம் கொழம்பு சேத்து வாடை அடிக்குதுன்னு மீன் மேல பழி. இந்த அக்கா கட்டை விரல்ல கொஞ்சம் கல்லுப்பு தொட்டு அந்தத் தோல ஒரு இழுப்புல உரிக்கிறாங்க பாருங்க, உள்ள வெள்ளையா பளிச்சுன்னு ஆயிடுது. கொடல தூக்கிப் போடும்போது பட்டாணி சைசுல கெட்டியா ஒரு உருண்டைய மட்டும் தனியா எடுத்து வச்சாங்க. மடவையோட எரைப்பையாம். கீறி மண்ணக் கழுவிட்டு, "இத போடாம போயிடாத கண்ணு, கொழம்புல மொதல்ல இதான் காலியாவும்"னாங்க. எங்க அத்தைக்கே இது தெரியாது, அவங்க நாப்பது வருஷமா மீன் சமைக்கிறாங்க!

அடுத்து நண்டு. அங்க ஒரு வியாபாரிகிட்ட ஒரு கிலோ கழி நண்டு, கயித்துல கட்டினது, நல்ல வெலை குடுத்து வாங்கிட்டு வந்தேன். அக்கா கயித்த அறுத்து கையில புழிஞ்சாங்க, தண்ணி ஒழுகுது. பக்கத்துக் கடை தராசுல போட்டுப் பாத்தா வெறும் கயிறு மட்டும் 150 கிராம். "நண்டு வாங்குனியா கயிறு வாங்குனியா"ன்னு ஒரு கேள்வி, சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிக்கிறாங்க, எனக்கு மூஞ்சி எங்க வைக்கிறதுன்னு தெரியல. அதனால சொல்றேன், கட்டு தடியா ஈரமா இருந்தா அவுத்து எடை போடச் சொல்லுங்க, மாட்டேன்னு சொன்னா அடுத்த ஆளப் பாருங்க. அடிப்பக்கம் விரலால அழுத்திப் பாக்கணும், அமுங்கினா உள்ள சதை இருக்காது, தண்ணிதான். இதுவும் அக்கா சொன்னதுதான்.

மீன் ஆஞ்சதும் அவங்களே பக்கத்து மெஸ்ஸுக்கு கைகாட்டுவாங்க. போர்டு கெடையாது, ஆறு பேரு உக்காரலாம், வெறகடுப்பு. நம்ம மீன குடுத்தா வறுத்து கொழம்பு வச்சு சோறு போடுறாங்க, சமைக்கிற கூலியும் சோறும் சேத்து ரெண்டு பேருக்கு 300 ஆச்சு. வறுவல் பிரமாதம், மசாலா கம்மி, தோல் மொறுமொறுன்னு உள்ள மெத்துன்னு. கொழம்புதான் எனக்கு சுமார். புளி தூக்கல், காரமும் தூக்கல். எங்க பக்கம் நெல்லூரு சேப்பல புலுசுல, அதாவது மீன் கொழம்புல, மாங்கா போடுவாங்க, அந்தப் புளிப்பு சாப்பிட்டுப் பழகின நாக்குக்கு இது தட்டையா தெரியுது. எங்க வீட்டுக்காரர் மட்டும் ரெண்டு தடவ ஊத்திக்கிட்டாரு, அதனால அவரு ரேட்டிங் வேற. ஒரு மணி நேரம் காத்திருக்கணும். கை கழுவுற எடம் சுத்தமில்ல, பொம்பளைங்களுக்கு பாத்ரூம் வசதின்னு ஒன்னும் இல்ல, இதுக்கு நான் முழு மார்க்கையும் கொறைப்பேன்.

காத்திருக்கிற நேரத்துல டச்சுக்காரங்க கல்லறைய பாத்துட்டு வரலாம். 1613ல இங்க கோட்டை கட்டினவங்க அவங்க, கோட்டை இப்ப வெறும் மேடு, கல்லறைதான் நல்லா நிக்குது, வாசல்லயே எலும்புக்கூடு செதுக்கி வச்சிருக்காங்க, சின்னப் பசங்க பயந்துக்குவாங்க. முஸ்லிம் பொம்பளைங்க பின்ற பனையோலைப் பொட்டி கெடைச்சா வாங்குங்க, நான் வாங்கினதுல இப்ப எங்க வீட்டு வெங்காயம் இருக்கு.

போட்டுல ஒரு ரவுண்டு போலாம்மான்னு ஒருத்தர் பின்னாடியே வந்தாரு. லைஃப் ஜாக்கெட் இருக்கான்னா "ஏரிதானம்மா"ங்கிறாரு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இதே ஏரியில போட்டு கவுந்து 22 பேரு போனாங்க. வேணாம்னு சொல்லிட்டேன், நீங்களும் சொல்லிடுங்க.

இன்னொன்னு, போறதுக்கு முன்னாடி ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட்டு விடுற நாளான்னு பாத்துக்குங்க. போன வருஷம் தெரியாம அந்த நாள்ல போனேன், கடலுக்கு யாரையும் விடல, மார்க்கெட்டுல ஐஸ்ல கெடந்த மீன்தான், அக்காவும் பலகைய கவுத்து வச்சுட்டு எங்களோட சேந்து வானத்த பாத்துட்டு நின்னாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடை, அப்பவும் கடல் மீன் கம்மிதான், ஏரி மீன நம்பிப் போலாம்.

ஜிபே அக்காகிட்ட கெடையாது, சில்லறையா எடுத்துட்டுப் போங்க. 500 நோட்ட நீட்டினா "இதுக்கு நான் எங்க போவேன்"னு உங்க மீனையே திருப்பிக் குடுத்துடுவாங்க, எனக்குக் குடுத்தாங்க.