ரெண்டுமே தோண்டுற விளையாட்டு: ரயிலுக்கு எது?

செங்கோட்டையில் ஏறிப் புனலூர் போகிற ரயில் பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்தால் போனில் சிக்னல் கிடையாது. அதற்காகவே பையில் ஒரு சின்ன கைக் கன்சோல், நின்டெண்டோவின் பழைய கைக்கருவியான கேம் பாயின் விளையாட்டுகள் ஓடுகிற மாதிரி. மாரியோ, டெட்ரிஸ் எல்லாம் ஊருக்கே தெரியும். அதிகம் பேர் தொடாத இரண்டு இதோ.

முதலாவது மோல் மேனியா, கேம் பாய், 1996. மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோதான் தயாரிப்பாளர். அப்படியும் கேள்விப்பட்டவர் குறைவு. நாயகன் ஓர் அகழெலி. கடத்தப்பட்ட பெண்டாட்டி பிள்ளைகளை மீட்க வேண்டும். ஒவ்வொரு திரையும் ஒரு புதிர்: இரும்புக் குண்டைத் தள்ளியோ இழுத்தோ கொண்டுபோய்க் கதவை உடைக்கணும். மேலே வழி அடைத்திருந்தால் குழி தோண்டி, அடியில் நடந்து, அந்தப் பக்கம் ஏறலாம். வம்பு அங்கேதான். தோண்டின குழி மூடாது. குண்டு வரவேண்டிய தடத்திலேயே தோண்டிவிட்டால் போச்சு, முதலிலிருந்து. போன வாரம் கழுதுருட்டி தாண்டும்போது பக்கத்து சீட் சேட்டன் எட்டிப் பார்த்து, "அவிடெ குழிக்கண்ட!" (அங்கே தோண்ட வேண்டாம்) என்றார். நான் தோண்டி முடித்திருந்தேன்.

அடுத்தது ட்ரில் டோசர். கேம் பாய் அட்வான்ஸ், ஜப்பானில் 2005. போக்கிமான் செய்த கேம் ஃப்ரீக்கின் வேலை. ஜில் என்ற சிறுமி துளைபோடும் எந்திரத்தில் உட்கார்ந்து சுவரைக் குடைகிறாள். கன்சோலின் மேல் ஓரத்துத் தோள்பட்டன்களில் ஒன்று ட்ரில்லை ஒரு பக்கம் சுழற்றும், மற்றது எதிர்ப்பக்கம். கியர் சேரச் சேர அதிக நேரம் சுற்றும். கன்சோலில் செருகுகிற அசல் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே அதிர்வு மோட்டார் உண்டு. என் மலிவு கன்சோலில் அது இல்லை, பாதி ருசி போய்விட்டது. பட்டனும் கல் மாதிரி, அரை மணியில் விரல் வலிக்கும்.

கேம் பாய் கலரின் ஷான்டே (2002) பற்றியும் கேட்பீர்கள். அழகுதான், ஆனால் விளையாட்டுக்குள் அலைச்சல் அதிகம்.

ரயிலுக்கு எலியே போதும்; ஒரு திரை முடிந்ததும் அணைத்துப் பைக்குள் போடலாம். ட்ரில் டோசர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில். பெரிய வில்லனோடு சண்டை நடக்கையில் புனலூருக்கு முந்தின எடமண் வந்தாலும் கை நிற்காது. ஒருதரம் அப்படித்தான் புனலூரை விட்டுவிட்டு ஆவணீஸ்வரம் வரை போய்த் திரும்பினேன்.