சட்டையில் யார் பெயர்: பீர், வங்கி, டிவி, பந்தயம்

தென்னாப்பிரிக்கக் கால்பந்து லீக்கின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும், இந்த நாட்டில் எந்தக் காலத்தில் யார் கையில் காசு புரண்டது என்று தெரிந்துவிடும். 1996இல் பிஎஸ்எல் (பிரீமியர் சாக்கர் லீக்) தொடங்கியபோது அது கேசில் பிரீமியர்ஷிப், அதாவது பீர். 2007இல் ஆப்சா வந்தது, வங்கி. 2020இல் டிஎஸ்டிவி, டிவி. 2024இலிருந்து பெட்வே பிரீமியர்ஷிப், பந்தயம். (கேசில் பெயரிலான அந்த முதல் கோப்பையை 1996-97இல் தூக்கியது டர்பனின் மேனிங் ரேஞ்சர்ஸ் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எனக்கு யாரும் சோறு போடமாட்டார்கள்.)

இதே கேள்வி இப்போது எங்கள் பேட்டை கிளப்பின் கமிட்டி மேசைக்கும் வந்திருக்கிறது. அடுத்த சீசன் ஜெர்சிக்கு இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒன்று பந்தயக் கடை. சட்டை, கால்சட்டை, காலுறை, பந்து என்று முழு செட்டும் தருகிறோம் என்கிறார்கள். இன்னொன்று ஹார்டுவேர் கடை, சட்டை மட்டும். கணக்கு வைத்துக்கொள்ளும் பெரியவர் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார்: “நாய் விற்ற காசு குரைக்குமா தம்பி?” குரைக்காதுதான். “விற்றால் சரி அண்ணா, இவர்கள் நாயைச் சட்டையில் கட்டி நம் வீட்டுக்கே அனுப்புகிறார்களே” என்றேன். பேச்சு அதோடு முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் பீர். பழைய ஆள், நல்ல பெயர் எடுத்தவன் அல்ல. கார்லிங் பிளாக் லேபல் கோப்பை 2011இல் தொடங்கியபோது கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ் அணிகளின் முதல் பதினொருவரை ரசிகர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். ஓட்டுப் போடுவதற்கான எண் பீர் பாட்டிலோடுதான் வந்தது. விளம்பரக்காரர்களின் சாமர்த்தியத்துக்கு அதைவிட உதாரணம் வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று: பீருக்கு ஆட்டம் ஒரு சாக்குதான். ஆட்டம் கோலில்லாமல் முடிந்தாலும் ஏழு கோல் விழுந்தாலும் பாட்டில் அதே பாட்டில், விலையும் அதே விலை. குடிப்பவன் ஓரிடத்தில் விழுந்து தூங்கியாவது நிறுத்தியாக வேண்டும்.

வங்கியும் போன் கம்பெனியும் இந்தப் பட்டியலில் சப்பென்று இருப்பவை, அதுதான் அவற்றின் சிறப்பு. வோடாகாம் பெயரைப் பல ஆண்டுகள் சீஃப்ஸும் பைரேட்ஸும் சேர்ந்தே நெஞ்சில் தாங்கின. இரண்டு அணி ரசிகர்களும் அடித்துக்கொண்டாலும் பில் கட்டுவது ஒரே இடத்தில். அதற்காகக் கடன் கொடுப்பவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் நியூகாசில் அணியின் சட்டையில் 2013 முதல் 2017 வரை இருந்த வோங்கா, சம்பளத்துக்கு முன்கடன் கொடுத்துக் கொள்ளை வட்டி வாங்கிய நிறுவனம். அந்தச் சட்டையைப் போடமாட்டேன் என்று பாப்பிஸ் சிசே முதலில் முரண்டு பிடித்தார்.

பந்தய நிறுவனம் இவர்கள் எல்லோரிடமிருந்தும் ஓர் இடத்தில் விலகுகிறது. அதற்கு ஆட்டம் சாக்கு அல்ல, ஆட்டமே சரக்கு. அடுத்த கார்னர் யாருக்கு, அடுத்த மஞ்சள் அட்டை எந்த நிமிடத்தில், முதல் பாதியில் எத்தனை கோல் என்று தொண்ணூறு நிமிடத்தையும் நறுக்கி விற்க முடியும். நீங்கள் ஆர்வமாகப் பார்க்கப் பார்க்க அவர்களுக்கு வியாபாரம். சட்டையில் இருக்கும் பெயர் ‘எங்களை நினைவில் வைத்துக்கொள்’ என்று சொல்வதில்லை, ‘இப்போதே கையை ஜேபிக்குள் விடு’ என்கிறது.

கால்பந்தோடு நின்றாலாவது பரவாயில்லை. எங்கள் பகுதியில் சனிக்கிழமை மதியம் பெட்ரோல் பங்க் கடையில் நின்று பாருங்கள். வரிசையில் முன்னால் நிற்கும் பையன் ரொட்டியும் பாலும் வாங்கிவிட்டு, மீதிச் சில்லறைக்கு இருபது ராண்ட் வவுச்சர் கேட்பான். நீண்ட எண் அச்சடித்த துண்டுச் சீட்டு வரும். கதவைத் தாண்டுவதற்குள் அந்த எண் போனில் ஏறியிருக்கும். ஆனால் அவன் திறப்பது சீஃப்ஸ் ஆட்டத்தை அல்ல, ஏவியேட்டரை. திரையில் ஒரு சின்ன விமானம் மேலே ஏறும், அதோடு பெருக்கல் எண்ணும் ஏறும். விமானம் பறந்து மறைவதற்குள் காசை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் போச்சு. கார் சாவியை இன்னும் நான் தேடிக்கொண்டிருப்பேன், அவன் இருபது ராண்ட் கரைந்திருக்கும். ஜெர்சி அவனை வாசல்வரை கூட்டிவந்தது. உள்ளே உட்கார வைத்தது விமானம். பந்து உதைப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்குத் தேசிய சூதாட்ட வாரியத்தின் கணக்கே இருக்கிறது. 2023/24இல் இந்த நாட்டில் எல்லாவகைச் சூதாட்டத்திலும் சேர்த்துக் கட்டப்பட்ட தொகை சுமார் 1.14 டிரில்லியன் ராண்ட். போட்ட காசே ஜெயித்துத் திரும்பி மறுபடி மறுபடி சுற்றுவதால் அந்த எண் பெருத்துத் தெரியும். பார்க்க வேண்டியது அடுத்த எண்: நிறுவனங்களிடம் தங்கியது 59.3 பில்லியன் ராண்ட். கைக்குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 950 ராண்ட் போல வரும். முன்பெல்லாம் இதில் பெரும்பங்கு காசினோக்களுக்குப் போனது. இப்போது பந்தயம் முந்திவிட்டது.

நியாயத்துக்கு அவர்கள் பக்கத்தையும் எழுத வேண்டும். ஹாலிவுட்பெட்ஸ் எங்கள் ஊர்ப் பந்தயக் கம்பெனி. டர்பனில் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானம், கிங்ஸ் பார்க் ரக்பி மைதானம், கிரேவில் குதிரைப் பந்தயத் திடல் மூன்றின் பெயருக்கு முன்னாலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2021இல் லண்டனின் பிரென்ட்ஃபோர்டு அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியபோது அதன் நெஞ்சிலும் ஏறியது. அதே நிறுவனம்தான் நாட்டின் பெண்கள் கால்பந்து லீக்குக்கும் பெயர் கொடுத்துக் காசு கொடுத்தது. நாட்டின் பெண்கள் அணியான பன்யானா பன்யானா 2022இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது கைதட்டிய வங்கிகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும் பெண்கள் லீக்கின் வாசலில் வரிசைகட்டி நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் பந்தயக் காசைத் திட்டுவது சுலபம்.

‘அந்தக் காசு போனால் விளையாட்டே படுத்துவிடும்’ என்று பெரியவர் சொல்வதை மட்டும் நான் ஒப்பவில்லை. டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்தைப் பாருங்கள். 1897இலிருந்து ஓடுகிறது. எங்கள் அப்பா தலைமுறைக்கு அது ராத்மன்ஸ் ஜூலை. சிகரெட் பெயரில்லாமல் அவர்களுக்கு அதை உச்சரிக்கவே தெரியாது. புகையிலை விளம்பரத்துக்கும் ஸ்பான்சர்ஷிப்புக்கும் 1999இல் சட்டம் கதவை அடைத்தது. குதிரைகள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. வோடாகாம் வந்தது, இருபது ஆண்டு இருந்தது, 2022இலிருந்து ஹாலிவுட்பெட்ஸ். குதிரைப் பந்தயத்துக்குப் பந்தயக் கம்பெனி ஸ்பான்சர் செய்வதை நான் குறைசொல்ல மாட்டேன், அங்கே போகிறவன் எதற்குப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வயதுப் பையன் ஆடும் கால்பந்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

இனி சட்டங்கள். மூன்று வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

இங்கிலாந்தின் வழி பாதிவழி. அங்கே 2002-03இல் ஃபுல்ஹாம் பெட்ஃபேர் பெயரை அணிந்ததிலிருந்து தொடங்கிய கதை, இருபது ஆண்டில் பாதி லீக்கைப் பிடித்தது. 2023 ஏப்ரலில் பிரீமியர் லீக் கிளப்புகள் தாங்களாகவே ஒத்துக்கொண்டன: 2025-26 சீசன் முடிவோடு நெஞ்சில் பந்தயப் பெயர் இருக்காது. நெஞ்சில் மட்டும். சட்டைக் கையில் இருக்கலாம், மைதானத்தைச் சுற்றி ஓடும் மின்பலகையில் இருக்கலாம். கீழ் டிவிஷன்களின் லீக்குக்கே 2013இலிருந்து ஸ்கை பெட் என்றுதான் பெயர். டிவி கேமரா கையைக் காட்டாதா என்ன? என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் மட்டம், ஏனென்றால் ஏதோ செய்துவிட்டோம் என்ற திருப்தியையும் சேர்த்துக் கொடுக்கிறது. பிரென்ட்ஃபோர்டு ஆட்டக்காரர் இவான் டோனி விஷயத்தில் அந்த ஊரின் முரண்பாடு அப்படியே தெரிந்தது. வாராவாரம் பந்தயக் கம்பெனி பெயரை நெஞ்சில் போட்டு ஆடியவரை, பந்தயம் கட்டியதற்காக, 232 விதிமீறல்கள் என்று கணக்கிட்டு 2023இல் எட்டு மாதம் வெளியே உட்கார வைத்தார்கள். விதியை மீறினார், சரி. சூதாட்டப் பழக்கம் அவருக்கு நோயாகவே இருந்தது என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. சட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

ஆனால் இங்கிலாந்தில் உருப்படியான ஒரு பழக்கம் உண்டு: கடையில் விற்கும் குழந்தைகள் அளவு ஜெர்சியில் பந்தயப் பெயர் இருக்கக் கூடாது. பெரியவர் சட்டையில் பெயர், பிள்ளை சட்டையில் வெற்று நெஞ்சு. அப்பாவும் மகனும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும்.

இத்தாலியும் ஸ்பெயினும் முழு அடைப்பு. இத்தாலி 2018இல் சூதாட்ட விளம்பரத்தையே தடை செய்தது. கண்டிப்பான சட்டம்தான், ஓட்டையும் அதே அளவு. 2024இலிருந்து இன்டர் மிலான் நெஞ்சில் இருக்கும் பெயர் பெட்சன் ஸ்போர்ட். அது பந்தயத் தளம் அல்லவாம், விளையாட்டுச் செய்தித் தளமாம். ஸ்பெயின் 2020இல் ஆணை போட்டு 2021-22 சீசனிலிருந்து சட்டைகளைச் சுத்தமாக்கியது. வலென்சியா பந்தயக் கம்பெனியைக் கழற்றிவிட்டு மாட்டியது சோசியோஸ் என்ற கிரிப்டோ டோக்கன் கம்பெனியை. பேயை விரட்டிப் பிசாசைக் கூட்டிவந்த மாதிரி. ஆனாலும் ஸ்பானிஷ் லீக் மூடிக்கொண்டு போகவில்லை, கிளப்புகளுக்குச் சட்டை இல்லாமலும் போகவில்லை. அதை மறுக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவின் வழி கிட்டத்தட்ட திறந்த வாசல். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி பந்தயக்காரர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது மாகாணங்கள். ஆன்லைன் காசினோவை அனுமதிக்க 2008இல் நிறைவேறிய திருத்தம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் பந்தய லைசென்ஸ் வைத்திருப்பவர் ஆன்லைனில் பந்தயம் வாங்கலாம், அந்த ஓரத்தில்தான் ஏவியேட்டர் வகையறாவும் உட்கார்ந்திருக்கிறது. விளம்பரத்தின் அடியில் 18 வயது எச்சரிக்கையும் இலவச உதவி எண்ணும் பொடி எழுத்தில் வரும். லீக்கின் பெயரே பந்தயக் கம்பெனி பெயராக இருக்கும்போது சட்டையில் மட்டும் தடை போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. சட்டையின் கையில் ஒட்டும் லீக் பட்டையிலேயே அந்தப் பெயர்தான். இங்கே இங்கிலாந்தின் பாதிவழியைக் கொண்டுவந்தால் கேலிக்கூத்துதான் ஆகும். ஸ்பெயின் வழி வேண்டும், அதுவும் பெண்கள் லீக்குக்கு மாற்றுக் காசு எங்கிருந்து என்று முதலில் எழுதிவைத்துவிட்டு.

அதுவரை எங்கள் மேசைக்கு வருவோம். முடிவைத் தீர்மானித்தது தத்துவம் அல்ல, அச்சுக்கூலி. எங்களிடம் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணியும் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு டிசைன், பிள்ளைகளுக்குப் பெயரில்லாத இன்னொன்று என்று இரண்டு முறை ஸ்கிரீன் அடிக்க யாரிடமும் காசில்லை. ஒரே டிசைன் என்றால் பிள்ளைகள் போடக்கூடிய டிசைன்தான். ஹார்டுவேர் கடைக்குச் சரி என்று சொல்லிவிட்டோம். கணக்குப் பெரியவர் இன்னும் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார், அவர் கவலையும் நியாயமே: காலுறைக்கும் பந்துக்கும் நடுவர் கட்டணத்துக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கல்யாணச் சமையல் எடுக்கும் அக்கா ஒருவர் பாதி தருகிறேன் என்கிறார், ஆனால் தன் பெயர் முதுகில் எண்ணுக்கு மேலேதான் வர வேண்டுமாம். எண்ணுக்குக் கீழே என்றால் பந்து மட்டும்தானாம். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை.