நேரலை உடற்பயிற்சி வகுப்பில் மைக் யார் கையில் இருக்க வேண்டும்?

கோலாலம்பூரின் செந்தூலில் நேரலை வகுப்பு நடத்தும் ஒரு யோகா டீச்சருக்காகச் செயலி செய்துவருகிறோம். வகுப்பில் சேர்பவர்களின் மைக்கை மியூட் செய்யும் வசதியை எப்படி வைப்பது என்று மூன்று வழிகளை அலசினோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலுவலக மீட்டிங்கில் நடத்துபவரின் கை மவுஸில் இருக்கும். டீச்சரோ திரையைவிட்டுத் தள்ளி, இரண்டு கையும் தரையில் ஊன்றி நிற்பார். யார் வீட்டிலாவது குக்கர் விசில் அடித்தால், எழுந்து வந்து பெயரைத் தேடி அமுக்க அவரால் முடியாது. பேசுபவரைப் பெரிதாகக் காட்டும் அமைப்பில் இருந்தால், அந்தச் சமையலறைதான் எல்லோர் திரையிலும் வந்து நிற்கும்.

அதனால், மைக்கை அவரவர் விருப்பத்துக்கே விடுவது என்ற முதல் வழி நாலைந்து பேர் வரும் வகுப்புக்கு மட்டும்தான் சரிப்படும்.

இரண்டாவது, எல்லோரையும் மியூட் செய்து பூட்டிவிடுவது. ஜூமிலும் கூகுள் மீட்டிலும் இந்த வசதி உண்டு. இசையும் டீச்சரின் குரலும் சுத்தமாகக் கேட்கும். ஆனால் அறுபது வயது அம்மா ஒருவருக்குத் திடீரென்று முட்டி பிடித்துக்கொண்டால்? கைப்பேசித் திரையில் அவர் முகமே நகம் அளவுதான். வியர்த்த கையோடு சாட்டில் எழுதவும் மாட்டார். "டீச்சர், வலிக்குது" என்று சொல்ல வழியில்லாத வகுப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது, நுழையும்போதே மியூட், ஆனால் திறக்கும் உரிமை மாணவரிடம். எங்கள் தேர்வு இதுதான். ஜூமில் கணினியின் ஸ்பேஸ்பாரை அழுத்திப் பிடித்துப் பேசலாம். சுவரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. அவருக்குத் திரையில் எங்கே தட்டினாலும் மைக் திறக்க வேண்டும்.

டீச்சர் தொலைவிலிருந்து ஒருவரின் மைக்கைத் திறக்கும் வசதி மட்டும் வேண்டவே வேண்டாம். கூகுள் மீட்டில் நடத்துபவர் மியூட் செய்யலாம், திறக்க முடியாது. வீட்டுப் பேச்சு வெளியே போகக் கூடாது என்பதால் அந்த அணுகுமுறையே சரி.

தொழில்நுட்பத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. நேரலையில் ஒலியையும் காட்சியையும் அனுப்பும் வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தில், மாணவரின் கருவியிலேயே ஒலித்தடத்தை முடக்கினால் வெறும் மௌனம்தான் போகும். சர்வரில் நிறுத்தினால் ஒலி சர்வர்வரை வந்து, மற்றவர்களுக்குப் போகாது. மாணவர் தானே செய்யும் மியூட்டுக்குக் கருவியிலேயே முடக்குவது போதும். டீச்சரோ உதவியாளரோ செய்வதைச் சர்வரில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பதிப்பு வைத்திருப்பவரின் செயலி அந்தக் கட்டளையைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். எங்கே நிறுத்தினாலும் மாணவரின் திரையில் அது தெரிய வேண்டும்.

சவாசனத்துக்கு மட்டும் முழுப் பூட்டுதான் நல்லது. கண் மூடிக் கிடக்கும் நேரத்தில் ஒரு இருமல் எல்லோரையும் எழுப்பிவிடும். அந்தப் பூட்டு எப்போது விழ வேண்டும், எப்போது தானாகத் திறக்க வேண்டும் என்பதை டீச்சர் வகுப்புக்கு முன்பே குறித்துவைத்துவிடலாம்.