காலை உணவுத் திட்டம்: பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு நான்கு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைதான். திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் விடிந்ததும் தறியிலோ கரும்புக் கொல்லையிலோ இறங்கிவிடும் வீடுகள் அதிகம், பிள்ளைகள் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, இல்லையென்றால் அதுவும் இல்லாமல் பள்ளிக்குப் போவார்கள், அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் பார்த்தால்தான் புரியும்.

கிராமப் பள்ளிகளில் மகளிர் சுய உதவிக் குழுவினர் அங்கேயே சமைப்பதால் சுடச்சுடக் கிடைக்கிறது. கிச்சடியும் பொங்கலும் அருமை, என் மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறாள். ரவா உப்புமா மட்டும் ஆறினால் இறுகிவிடுகிறது, சின்னப் பிள்ளைகள் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

குறை சாம்பாரில்தான். விதிப்படி ஒரு பிள்ளைக்கு நாளுக்குத் தானியம் 50 கிராம், பருப்பு 15 கிராம், கூடவே உள்ளூர்க் காய்கறி. ஆனால் இங்கே உருளைக்கிழங்கும் கேரட்டும் தவிர வேறு காய் வருவது அபூர்வம். வீட்டுக்கு வீடு முருங்கை நிற்கும் ஊரில் சாம்பாரில் கீரை போட என்ன தடை? அப்புறம் கேழ்வரகு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரப் பள்ளிகளில் 2023 மார்ச்சிலேயே ராகி ஜாவா (கேழ்வரகுக் கஞ்சி) கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து அதில் நிறைய, நம் பாட்டிமார் கூழாகக் காய்ச்சியதும் அதைத்தான். வாரம் இரண்டு நாளாவது இங்கேயும் கேழ்வரகு வரட்டும், அந்த ஐந்தாவது நட்சத்திரத்தையும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறேன்.